ஓநாய் மனிதனும் மறுநாள் காலையும்

திகில் படங்களை விடாமல் பார்த்துவருகிறவர்கள் கூடிப் பேசினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கட்டத்தில் ஓநாய் மனிதனிடம் வந்து நிற்கும். வந்து நின்றதும் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். இரத்தக் காட்டேரிக்கு இந்த நூற்றாண்டில் 2008-இல் வந்த சுவீடன் படம் 'லெட் தி ரைட் ஒன் இன்' இருக்கிறது. நடைபிணங்களுக்கு 2002-இன் '28 டேஸ் லேட்டர்' தொடங்கி 2016-இன் கொரியப் படம் 'ட்ரெய்ன் டு பூசான்' வரை ஒரு வரிசையே இருக்கிறது. பேய்களுக்கோ உலகெங்கும் குறைவில்லை. பௌர்ணமி இரவில் ஓநாயாக மாறிவிடும் மனிதனைப் பற்றி மட்டும், மனத்தில் தங்கும்படியான புதிய படம் எது என்று கேட்டால், கேட்டவரும் சொல்பவரும் 1981-ஆம் ஆண்டுக்கே திரும்பிப் போகவேண்டியிருக்கிறது. அந்த ஓர் ஆண்டில் ஜான் லாண்டிஸின் 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்', ஜோ டான்டேயின் 'தி ஹவ்லிங்', மைக்கேல் வாட்லியின் 'வுல்ஃபென்' என மூன்று ஓநாய்ப் படங்கள் வந்தன. அதற்குப் பிறகு வந்தவற்றில் தேறுபவற்றை எண்ண இரண்டு கைகளே அதிகம்.

கோவையில் என் நண்பர்கள் இதற்குச் சொல்லும் காரணம் பணம். பேய்ப் படத்துக்கு ஒரு வீடும் ஒரு கதவும் போதும், நடைபிணத்துக்குக் கொஞ்சம் சாயமும் கூட்டமும் போதும், காட்டேரிக்கு இரண்டு பற்களே போதும். ஓநாய் மனிதனுக்கோ பல மணி நேர ஒப்பனையும் உடலையே உருமாற்றிக் காட்டும் தொழில்நுட்பமும் வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. லாண்டிஸின் படத்தில் கதாநாயகன் டேவிட் ஒரு செவிலியின் வீட்டு வரவேற்பறையில், விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போது, நிழலில் எதையும் ஒளிக்காமல் ஓநாயாக மாறுகிறான். உள்ளங்கை நம் கண்ணெதிரே நீள்கிறது, முதுகெலும்பு தோலுக்கடியில் புடைத்தெழுகிறது, முகவாய் முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. அவன் வலியில் அலறுகிறான். ரப்பரும் நுரையும் இயந்திரத் தலைகளும் கொண்டு அதைச் செய்துகாட்டிய ரிக் பேக்கருக்கு, 1982-இல் முதன்முறையாகப் போட்டிப் பிரிவாக வழங்கப்பட்ட ஒப்பனைக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. 1997-இல் அதே பெயரின் நிழலில் பாரிஸில் நடப்பதாக ஒரு படம் எடுத்தபோது ஓநாய்களைக் கணினியில் உருவாக்கினார்கள். அந்த ஓநாய்கள் ஓடுகின்றன, பாய்கின்றன, ஆனால் தரையில் அவற்றுக்கு எடை என்பதே இல்லை.

ஆனால் பணம்தான் காரணம் என்றால் 2010-இன் 'தி வுல்ஃப்மேன்' தலைசிறந்த படமாக இருந்திருக்கவேண்டும். சுமார் 15 கோடி டாலர் செலவு, பெனிசியோ டெல் டோரோவும் ஆன்டனி ஹாப்கின்ஸும் நடிப்பு, ஒப்பனைக்கு அதே ரிக் பேக்கர். அவருக்கு அந்தப் படத்துக்காக ஏழாவது ஆஸ்கரும் கிடைத்தது. முதல் விருதும் ஏழாவது விருதும் ஓநாய் மனிதனுக்காகவே கிடைத்திருக்கின்றன. இருந்தும், படம் முடிந்து வெளியே வரும்போது உருமாறிய அந்த மனிதனைப் பற்றி நமக்கு எந்தக் கவலையும் இல்லை. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னால், அதில் ஒரு சிறு பங்கு பணத்தில், ஸ்காட்லாந்துக் காட்டுக்குள் ஒரு பண்ணை வீட்டில் சிக்கிக்கொண்ட படைவீரர்களை வைத்து நீல் மார்ஷல் எடுத்த 'டாக் சோல்ஜர்ஸ்' பார்வையாளரை இருக்கையின் நுனியில் உட்காரவைத்தது. அது முற்றுகைப் படம். எதிரி ஓநாயாக இல்லாமல் வேறு எதுவாக இருந்தாலும் அதே விறுவிறுப்போடு ஓடியிருக்கும். ஆகவே அதை நான் இந்தக் கணக்கில் பாதிதான் சேர்த்துக்கொள்வேன்.

என் எண்ணம் வேறு. ஓநாய் மனிதன் கதையின் உயிர் அவன் மாறும் இரவில் இல்லை. அடுத்த நாள் காலையில் இருக்கிறது. இரவில் அவனுக்கு நினைவு இல்லை, பொறுப்பு இல்லை, வருத்தமும் இல்லை. அது வெறும் விலங்கு. விடிந்து, மனித உடம்போடு கண் விழித்து, வாயில் யாருடைய இரத்தம் என்று அவன் தெரிந்துகொள்ளும் நேரத்தில்தான் கதை தொடங்குகிறது. காட்டேரிக்கு இந்தக் காலை கிடையாது. தான் யார் என்று அதற்கு எப்போதும் தெரியும், தெரிந்தே வாழப் பழகிக்கொள்கிறது. நடைபிணத்துக்குத் தெரிந்துகொள்ள மனமே இல்லை. செய்தது தான்தான் என்றும் தானல்ல என்றும் ஒரே நேரத்தில் அறிந்து தவிக்கும் பாத்திரம் திகில் கதைகளில் இவன் ஒருவனே. நல்ல ஓநாய்ப் படங்கள் இந்தக் காலைக்கு நேரம் ஒதுக்கின. மோசமானவை அடுத்த இரவுக்கு அவசரப்பட்டன.

1941-இல் யுனிவர்சல் வெளியிட்ட 'தி வுல்ஃப் மேன்' எழுபது நிமிடப் படம். அதில் லான் சேனி ஜூனியர் நடித்த லாரி டால்பட், ஓர் இரவு கல்லறையில் குழி வெட்டுபவரைக் கொன்றுவிட்டுக் காலையில் தன் படுக்கையில் விழித்தெழுகிறான். சன்னலிலிருந்து கட்டில்வரை விலங்கின் சேற்றுக் காலடித் தடங்கள் வந்திருக்கின்றன. தடம் வந்திருக்கிறது, போகவில்லை. அவன் பதறிக் குனிந்து அவற்றை அழிக்கிறான். ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ், சேனியின் முகத்தில் ஒட்டிய மயிர் இன்றைய கண்ணுக்குப் பழையதாகத் தெரியலாம். அந்தத் தடத்தை அழிக்கும் கை இன்றும் பழையதாகவில்லை. கடைசியில் அவனைக் கொல்வதும் ஊர்க்கூட்டம் அல்ல. தன் மகன் என்று அறியாமல், அந்த மகனே வாங்கி வந்த வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியால், தந்தையே அடித்துக் கொல்கிறார்; அடித்து முடித்தபின் அவர் கண்ணெதிரே ஓநாய் முகம் மகனின் முகமாக மாறுகிறது.

அந்தப் படத்தை எழுதிய கர்ட் சியோட்மாக் ஜெர்மனியில் பிறந்த யூதர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறியவர். அடுத்துச் சாகப்போகிறவரின் உள்ளங்கையில் ஓநாய் மனிதனுக்கு மட்டும் ஒரு நட்சத்திரக் குறி தெரியும் என்று அவர் எழுதியதை, யூதர்கள் நட்சத்திரக் குறி அணியவைக்கப்பட்ட அந்தக் காலத்தோடு சேர்த்துப் பலரும் பேசியிருக்கிறார்கள். நேற்றுவரை தெருவில் வணக்கம் சொன்ன மனிதர்கள் வேறொன்றாக மாறிப்போனதைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர்தான், தூய உள்ளமும் நாள்தோறும் வழிபாடும் உடைய மனிதன்கூட ஓநாயாகலாம் என்று ஒரு செய்யுளைப் புனைந்தார். அது பழைய நாட்டுப்புறப் பாடல் என்றே வெகுகாலம் பலர் நம்பினார்கள். பௌர்ணமி விதிகூட அந்த முதல் படத்தில் உறுதியாக இல்லை; 1943-இல் வந்த அடுத்த படத்தில்தான் நிலைபெற்றது. ஐரோப்பாவின் பழைய வழக்குகளில் ஓநாயாக மாறுபவன் பெரும்பாலும் விரும்பி மாறுபவன். 1589-இல் கொலோன் நகருக்கு அருகில் கொல்லப்பட்ட பீட்டர் ஸ்டம்ப் என்பவர், சாத்தான் தந்த அரைக்கச்சையைக் கட்டிக்கொண்டு ஓநாயானதாக வதைக்கு அஞ்சி வாக்குமூலம் கொடுத்தார். குற்றமற்ற, விரும்பாத, காலையில் அழுகிற ஓநாய் மனிதன் திரைப்படம் நமக்குத் தந்த பாத்திரம். நூல்களில் எழுதிவைத்த மரபு என்று எதற்கும் இன்றைய இயக்குநர்கள் கட்டுப்படவேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

லாண்டிஸும் காலையை அறிந்தவர். டேவிட் முதல் இரவுக்குப் பிறகு லண்டன் விலங்குக் காட்சிசாலையில், ஓநாய்க் கூண்டுக்குள் அம்மணமாக விழிக்கிறான். அந்தக் காட்சியில் பார்வையாளர் சிரிப்பார்கள். அதன் பிறகு, தன்னால்தான் அத்தனை சாவும் என்று தெரிந்ததும், பிக்கடில்லிக்கு அருகே ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்து அமெரிக்காவிலுள்ள தன் வீட்டுக்கு அழைக்கிறான். அப்பா அம்மா வீட்டில் இல்லை, தங்கை எடுக்கிறாள். எல்லோர்மீதும் எனக்கு அன்பு உண்டு என்று சொல்லிவிடு என்கிறான், சண்டை போடாதே என்கிறான், சின்னப் பெண்ணிடம் வேறென்ன சொல்லமுடியும் என்று தெரியாமல் வைத்துவிட்டு, கத்தியை எடுத்துக் கையை அறுக்கப் பார்த்து முடியாமல் நிற்கிறான். உருமாற்றக் காட்சியைப் பற்றி உலகமே எழுதியிருக்கிறது. எனக்கு அந்தப் படம் இந்தத் தொலைபேசிக் கூண்டில்தான் முழுமையடைகிறது.

இதை நான் படங்களிலிருந்து மட்டும் கற்கவில்லை. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் சில ஆண்டுகளாக ஆட்டுப் பட்டிகளுக்குள் இரவில் நாய்கள் புகுந்து கடித்துக் குதறிப் போடுவது தொடர்கதையாகியிருக்கிறது. செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடியதையும் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். என் தாய்மாமாவின் கொறங்காட்டிலும், அதாவது வேலியிட்ட மேய்ச்சல் நிலத்திலும், அது நடந்தது. சுற்றிலும் முள்கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், கோடையில் காய்ந்த கொழுக்கட்டைப் புல். பட்டிப் படல் ஓரிடத்தில் சாய்ந்திருந்தது. செம்மறிகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. எல்லாவற்றுக்கும் கழுத்திலும் தொடையிலும்தான் கடி. உயிரோடிருந்தவை மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றுகொண்டிருந்தன. மாமா வெகுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "தின்னுட்டுப் போயிருந்தாக்கூட மனசு ஆறும் மாப்ள. ஒண்ணையுந் திங்காம கடிச்சுக் கடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்குது" என்றார்.

அன்று ஊர் முழுவதும் நடந்தது வேறொரு தேடல். தெரு நாய்களைப் பற்றிப் பேசியபடியே ஒவ்வொருவரும் அடுத்த வீட்டு வாசலை நோட்டம்விட்டார்கள். இருபுறமும் வேலி சூழ்ந்த மண்பாதையான இட்டேரியின் முனையிலிருந்த வீட்டு அம்மா, யாரும் கேட்பதற்கு முன்பே, "எங்க நாயி ராத்திரி பூரா வாசல்லதானுங்க படுத்துக் கெடந்துச்சு" என்று சொன்னார். சொல்லும்போது அவர் கை அந்த நாயின் தாடையைத் தடவிக்கொண்டிருந்தது. பாசத்தில் தடவினாரா, ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாரா என்று என்னால் சொல்லமுடியவில்லை. நாய் வாலை ஆட்டிக்கொண்டு எல்லோரையும் பார்த்தது. கொங்கு நாட்டில் இன்று ஓநாயை நேரில் கண்டவர்கள் அரிது. ஆனால் ஓநாய் மனிதன் கதையில் வரும் அச்சம் எங்களுக்கு அந்நியமானது அல்ல என்று அன்று எனக்குத் தோன்றியது. காட்டிலிருந்து வருகிற சிறுத்தைக்கு அஞ்சுவது ஒரு வகை. சோறு போட்டு வளர்த்தது இரவில் எங்கே போய்விட்டு வந்தது என்று காலையில் அதன் வாயைப் பார்ப்பது முற்றிலும் வேறு வகை.

தேறிய நவீனப் படங்கள் எல்லாம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவைதாம். 2000-இல் கனடாவில் கேரன் வால்டன் எழுதி ஜான் ஃபாசெட் இயக்கிய 'ஜிஞ்சர் ஸ்னாப்ஸ்' படத்தை இந்த நூற்றாண்டின் வாசலில் நிற்கும் சிறந்த ஓநாய்ப் படமாக நான் மதிக்கிறேன். அக்காள் ஜிஞ்சர் பூப்படையும் அதே இரவில் கடிபடுகிறாள். ஒரே இரவில் மாறிவிடாமல் நாளுக்கு நாள் மாறுகிறாள். மாறுவதை ஒரே அறையில் படுத்துறங்கும் தங்கை பிரிஜிட் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், மறைக்கிறாள், மருந்து தேடுகிறாள், பொய் சொல்கிறாள். படத்தில் எத்தனையோ காலைகள். அவற்றுள் ஒவ்வொன்றிலும் அக்காள் கொஞ்சம் குறைந்திருக்கிறாள். இறுதியில், இருவரும் சேர்ந்து வளர்ந்த அந்த அறையிலேயே தங்கையின் கத்தியால் அக்காளின் கதை முடிகிறது. 2017-இல் வந்த பிரேசில் படம் 'குட் மேனர்ஸ்' இன்னும் துணிந்து, ஓநாயாகப் பிறந்த குழந்தையைச் சாவோ பாவ்லோ நகரின் ஏழைப் பகுதியில் வளர்க்கும் பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தியது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவள் அவனைச் சங்கிலியிட்டு ஒரு சிறு அறையில் அடைக்கிறாள். மற்ற நாள்களில் இறைச்சி கொடுக்காமல் வளர்த்துப் பள்ளிக்கு அனுப்புகிறாள். ஓநாயைவிட ஓநாயை வைத்துக்கொண்டு வாழ்பவர்களின் பாடு பெரியது என்பதை இந்த இரு படங்களும் புரிந்துகொண்டன.

இதில் நடிகருக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. மற்ற திகில் பாத்திரங்கள் உச்சக்கட்டத்தில்தான் நடிகரின் முகத்தை முழுதாகப் பயன்படுத்தும். இங்கே உச்சக்கட்டத்தில் முகமே போய்விடுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய எதிரில் இன்னொரு முகம் வேண்டும், அந்த முகம் அவனை நேசிப்பவரின் முகமாக இருக்கவேண்டும்.

அதனால்தான் 2025 ஜனவரியில் வந்த லீ வானெலின் 'வுல்ஃப் மேன்' என்னை மிகவும் வருந்தவைத்தது. வானெலிடம் எல்லாம் இருந்தது. 2020-இல் 'தி இன்விசிபிள் மேன்' கதையை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத மனிதனை வீட்டுக்குள் நடக்கும் வன்கொடுமையின் வடிவமாக மாற்றிக்காட்டியவர் அவர். இந்தப் படத்திலும் கதையின் நடுவில் கணவன், மனைவி, சிறு மகள் என மூவரே. இடம் ஓரிகனில், இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட தந்தையின் பண்ணை வீடு. கணவன் பிளேக் மாறுவதை நோய்போலக் காட்டுகிறார். ஒரு காட்சியில் கேமரா மனைவியின் பக்கத்திலிருந்து மெல்லச் சுற்றிக் கணவனின் பக்கம் வருகிறது. வந்ததும் ஒளியின் நிறம் மாறுகிறது, அவள் பேசும் சொற்கள் பொருளற்ற ஓசையாகின்றன. கண்ணெதிரே நிற்கும் மனைவியின் பேச்சு அவனுக்கு விளங்கவில்லை, அவளுக்கோ அவன் ஏன் பதில் சொல்லவில்லை என்று தெரியவில்லை. நினைவிழக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் நடப்பது இதுதான். கடந்த பத்து ஆண்டுகளில் ஓநாய்ப் படம் எதிலும் இவ்வளவு நல்ல காட்சியை நான் பார்த்ததில்லை.

ஆனால் கதை முழுவதையும் ஒரே இரவுக்குள் அடைத்துவிட்டார். பிளேக் ஒருமுறை மாறத் தொடங்கினால் மாறிக்கொண்டே போகிறான். மனிதனாகத் திரும்புவதே இல்லை. எனவே அவன் செய்ததை அவன் அறியும் காலையும் இல்லை. பொழுது விடியும்போது அவன் உயிரோடு இல்லை. மனைவியும் மகளும் மட்டும் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கிறார்கள். மகள்மீது கோபம் வந்துவிடுமோ, தன் தந்தையைப்போல் தானும் ஆகிவிடுவோமோ என்று படத்தின் தொடக்கத்தில் அஞ்சிய மனிதனுக்கு, ஒரே ஒரு காலையைக் கொடுத்து அந்த அச்சம் உண்மையானதை அவன் கண்ணால் பார்க்கவைத்திருந்தால், படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும். இரண்டு இரவு, நடுவில் ஒரு பகல் போதும். அதைக் கொடுக்காமல் துரத்தலுக்கும் கதவு உடைப்புக்கும் நேரத்தைச் செலவிட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தியில் முயற்சிகள் உண்டு. 1992-இல் மகேஷ் பட்டின் 'ஜுனூன்' படத்தில் ராகுல் ராய் பௌர்ணமிதோறும் புலியாக மாறினார். 2022-இல் 'பேடியா' படத்தில் வருண் தவான் அருணாச்சலப் பிரதேசக் காடுகளில் ஓநாயானார். பின்னது காட்டைக் காக்கும் நோக்கத்தையும் நகைச்சுவையையும் சேர்த்துக்கொண்டதால் குற்றவுணர்வுக்கு அதில் இடம் குறைந்துவிட்டது. தமிழில் உருமாற்றம் என்றால் 1979-இன் 'நீயா?' படத்துப் பாம்புதான் முதலில் நினைவுக்கு வரும். பாம்பு பழிவாங்கும், தான் செய்வதை முழுதாக அறிந்தே செய்யும். பொள்ளாச்சிக்கு மேற்கே எல்லையைத் தாண்டினால் பாலக்காட்டுப் பக்கம் ஒடியன் கதைகள் உண்டு. இரவில் எருதாகவும் எருமையாகவும் மாறி வழியில் வருபவரை அச்சுறுத்தும் ஒடியனும் மந்திரம் கற்று விரும்பி மாறுபவனே. அந்தக் கதைகளை ஒடுக்கப்பட்ட மக்கள்மேல் ஏற்றிச் சொல்லியே பழகினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. தன்னை மறந்த நிலை நம்மிடம் சாமியாட்டத்தில் இருக்கிறது. கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையின் போர்க்களச் சடங்கான படுகளத்தில் உயிரற்றவர்போல் விழுந்தவர்கள் தீர்த்தம் தெளித்ததும் எழுகிறார்கள். ஊரே சுற்றி நின்று தாங்கிக்கொள்கிறது, அதில் வெட்கம் எதுவும் இல்லை. விரும்பாமல், தனியாக, தாங்க ஊர் இல்லாமல் மாறுகிறவனுக்கு நம் கதை மரபில் இடம் காலியாகவே இருக்கிறது. தமிழில் நல்ல ஓநாய்ப் படம் வராததற்கு இதையும் ஒரு காரணமாக நினைக்கிறேன். வரமுடியும் என்பதற்கும் இதையே காரணமாகச் சொல்வேன்.

அப்படி ஒரு படத்தை நான் பல நாள்களாக மனத்துக்குள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூலனூருக்கும் தாராபுரத்துக்கும் இடையில் ஏதோ ஓர் ஊர். மகன் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் நைட் ஷிப்ட் போகிறவன். கம்பெனி வேனில் விடிகாலையில் வந்து இறங்குவதை ஊர் பார்த்துப் பழகியிருப்பதால், அவன் இரவில் எங்கே இருந்தான் என்று யாரும் கேட்பதில்லை. அம்மா மட்டும், மற்றவர்கள் எழும் முன்னே தொட்டியடியில் அவன் சட்டையைத் துவைத்துவிடுகிறாள். ஒருநாள் அவர்கள் பட்டியிலேயே ஆடுகள் சாகின்றன. ஊர் கூடி, இட்டேரி முனை வீட்டு நாய்தான் காரணம் என்று முடிவு செய்கிறது. அதை வளர்த்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சுகிறாள். உண்மை தெரிந்த ஒரே ஆள் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். ஓநாயை ஒருமுறைகூட முழுதாகக் காட்டவேண்டிய தேவை இந்தக் கதையில் இல்லை; செலவும் பெரிதாக ஆகாது. நாயைக் கொன்றபின் அடுத்த பௌர்ணமி வருவதற்குள் அந்தத் தாய் மகனிடம் என்ன பேசுவாள் என்பதை மட்டும் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும், அதைப் பேசாமலே நடித்துக் காட்டக்கூடிய ஒரு நடிகை வேண்டும்.